எதிராளியின் நேரத்தில்

"எதிராளியோட கடிகாரம் ஓடறப்ப நமக்கு வயசாகாதாப்பா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. அப்பா சமையலறை மேஜையில் சதுரங்கக் கடிகாரத்தைத் திறந்துவைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஒரே பெட்டியில் இரண்டு முகங்கள். இந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் இது நிற்கும், அது ஓடத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து ஓடவே ஓடாது. அப்பா தலை நிமிர்ந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படித்தான் இருக்கும் போல" என்றார்.

அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். "அதனாலதான் நான் மெதுவா யோசிக்கறவங்களாப் பாத்து ஆடறேன்."

பல வருடம் கழித்து, இன்று சதுரங்கப் போட்டியின் நடுவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தபோது, மண்டபத்துக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அப்பாவின் மதிய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். நடுவர் நரைத்த மனிதர். எப்போதும் மெதுவாக நடப்பவர். இப்போதும் மெதுவாகத்தான் வந்தார், ஆனால் அவளுக்கு வெகு தூரத்திலேயே கையை நீட்டிவிட்டார், ஏதோ விழப்போவதைப் பிடிக்கிற மாதிரி.

"அம்மா, கொஞ்சம் உள்ள வரீங்களா?"

"மாத்திரை நேரம் ஆயிடுச்சு சார். நானே குடுக்கணும்னு பாத்தேன்."

அவர் மாத்திரைகளைப் பார்த்தார். திரும்பி முன்னால் நடந்தார்.

உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் எதிரெதிரே குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தரைவிரிப்பு காலடி ஓசையை விழுங்கிவிட்டது. பொத்தான்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அழுந்தும் 'டக்' சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. முதல் வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். முழங்கை மேஜைமேல், கன்னம் உள்ளங்கையில். கழுத்தைச் சுற்றிய மெல்லிய துணி ஒழுங்காக இருந்தது. மூக்குக்கண்ணாடியில் பலகை முழுவதும் சின்னதாகத் தெரிந்தது. யோசிக்கும்போது எப்படி இருப்பாரோ, துளிகூட மாறாமல் அப்படியே இருந்தார். அருகே மண்டியிட்டிருந்த மருத்துவ உதவியாளர் அவருடைய மணிக்கட்டை மெதுவாக மேஜைமேல் திரும்ப வைத்தார்.

"எப்ப?" என்றாள் மகள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது.

"அரை மணி நேரத்துக்கு மேலயே ஆயிருக்கும்மா. வலி எதுவும் தெரிஞ்சிருக்காது. முகத்தப் பாருங்க" என்றார் உதவியாளர்.

பார்த்தாள். அரை மணி நேரம். இரண்டு துணை நடுவர்கள் இந்த மேஜையைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர், வழுக்கைத் தலையர், எழுந்து நின்று கைகளைப் பிசைந்தார்.

"நான் ரெண்டு தடவ பாத்தேம்மா. யோசிக்கறார்னு நெனச்சேன். எங்களுக்கெல்லாம் அவரு மூஞ்சி அப்படித்தானே தெரியும்."

கடிகாரம் நிறுத்தப்பட்டிருந்தது. அப்பாவின் பக்கத்தில் நேரம் தாராளமாக மிச்சம் இருந்தது. எதிர்ப் பக்கத்தில்தான் ஓடி ஓடிக் கரைந்திருந்தது. கடைசியாக நகர்த்திவிட்டு, பொத்தானை அழுத்தி, கன்னத்தில் கையை வைத்தவர் எதிராளியின் நேரத்தில் போய்விட்டார்.

அந்த எதிராளி நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். சதுரங்கப் பட்டம் பெற்றவள் என்பதால் அவளை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவளுடைய ரேட்டிங், அதாவது ஆட்டத் தரப்புள்ளி, அப்பாவுடையதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் சுற்றில் மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும்தான் ஜோடி போடுவார்கள். அப்பாவுக்கு அதுதான் கொண்டாட்டம். "வருஷத்துக்கு ஒரு தடவ பெரிய ஆளுகிட்ட அடி வாங்கறதே ஒரு சுகம்" என்பார் முன்பெல்லாம். இன்று காலை ஜோடிப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டியவர், அடுத்த நொடியே அதே விரலால் தன் கழுத்தை அறுப்பதுபோல் நடித்துக் காட்டினார்.

மாஸ்டர் தன் வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

அப்பாவைத் தள்ளுவண்டியில் கிடத்தியபோது வழுக்கைத் தலையர் தன் இடத்தில் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்காரவில்லை. அடுத்த மேஜையில் ஒரு பெண் எழுந்தாள். பிறகு இன்னொருவர். வண்டி நகர நகர வரிசை வரிசையாக எழுந்தார்கள். யாரும் கடிகாரத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொருவரும் தன் நேரத்தைத் தானே செலவழித்து நின்றார்கள். வண்டி கதவைத் தாண்டும்வரை மண்டபத்தில் ஒரு 'டக்' கூடக் கேட்கவில்லை.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். முப்பது வருடம் மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டவர். "ஊரையே ஏத்திவிடறாரு, தன் ரேட்டிங்க மட்டும் ஏத்தத் தெரியல" என்று கூட ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு 'டிரா மாமா' என்று பெயர். எந்த ஆட்டமானாலும், எதிரே யார் இருந்தாலும், பாதியில் நிமிர்ந்து "டிராவா?" என்று கேட்பார், சமமாக முடித்துக்கொள்ளலாமா என்று. பெரிய ஆட்டக்காரர்கள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். சிலர் சிரிப்பார்கள். பட்டம் பெற்ற ஒருவர்கூட இதுவரை சரி என்று சொன்னதில்லை. வீட்டிலும் அதே கதைதான். அம்மாவோடு சண்டை முற்றி, பாத்திரங்கள் சத்தம் போடத் தொடங்கினால், சமையலறை வாசலில் வந்து நிற்பார். "டிராவா...?" கடைசி எழுத்தை மூக்கால் கொஞ்சம் இழுப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அதிலிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் சதா வந்துகொண்டிருக்கும். அதன்பின் டிரா கேட்க வேண்டுமென்றால் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டுவார். அம்மாவிடமும் அப்படித்தான்.

நாற்காலிகள் அடுக்கிவைத்திருந்த சிறிய அறையில் அப்பாவைக் கிடத்தினார்கள். மருத்துவர் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், வண்டி வர வேண்டும். அண்ணிக்கு மட்டும் போனில் சொல்லி, வீட்டில் அம்மா பக்கத்தில் போய் உட்காரச் சொன்னாள் மகள். அம்மாவிடம் தானே பேசுவதாகச் சொல்லியிருந்தாள். கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

நடுவர் கதவை லேசாகத் தட்டினார்.

"மன்னிக்கணும்மா. இப்ப கேக்கவே கூடாது. ஆனா அடுத்த சுற்றுக்கு ஜோடி போடணும், அத்தன பேரும் காத்திருக்காங்க. உங்கள ஒரே ஒரு விஷயம் கேக்கணும்."

பக்கத்து அறையில் மாஸ்டரும் அவளுடைய பயிற்சியாளரும் இருந்தார்கள். பயிற்சியாளர் தடித்த கண்ணாடி போட்டவர். பொறுமை போன முகம். மகளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

நடுவர் மகளிடம் சொன்னார்: "இவங்க டிரான்னு சொல்றாங்க. உங்க அப்பா கேட்டாராம், இவங்க ஒத்துக்கிட்டாங்களாம். கடிகாரத்த நிறுத்திட்டு, கை குடுக்கறப்பதான் விஷயமே தெரிஞ்சிருக்கு."

மகளின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. இந்த நேரத்தில் அப்படித் துள்ளலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் துள்ளியது. டிரா! அப்பாவுக்கு ஒரு மாஸ்டரோடு டிரா!

"அவ அதிர்ச்சில இருக்கா சார்" என்றார் பயிற்சியாளர். "அவ பேச்ச எடுத்துக்காதீங்க. பெரியவர் போயிட்டாரு, ரொம்ப வருத்தம்தான். ஆனா ஆட்டம் ஆட்டம்தானே? அவரால தொடர முடியல, அதனால வெற்றி இவளுக்கு. இந்த மாசம் ரேட்டிங் கொஞ்சம் ஏறினாத்தான் அணியில இவளுக்கு இடம். இப்படிப்பட்ட ஆளோட... மன்னிக்கணும்மா, கீழ இருக்கறவரோட டிரா பண்ணா, இந்த வருஷம் சோலி முடிஞ்சுது." அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அதுவும் ஜெயிக்கற ஆட்டம்! குதிரையக் குடுத்து சிப்பாய்ச் சுவர உடைச்சா நாலே நகர்த்தல்ல முடிஞ்சுது. அது உனக்குத் தெரியலையா?"

"மூணு சார்" என்றாள் மாஸ்டர் மெதுவாக.

"பாத்தியா! பாத்துட்டே டிரான்னு சொன்னியா?"

நடுவர் கையை உயர்த்தினார். அவருடைய குரலில் இப்போது ஒரு தணிவு வந்தது. எளிதான வழி ஒன்றைத் திறந்து, அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் கேட்டார்: "பெரியவர் வழக்கமா விரலாலதான் கேப்பாரு. எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கும் விரலாலதானே காட்டினாரு?"

மாஸ்டர் அந்தக் கதவைப் பார்த்தாள். ஆம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்ல சார். கை கன்னத்துலயே இருந்துச்சு. வாயால கேட்டாரு."

 சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு பொத்தான் அழுந்தியது.

நடுவர் மகளிடம் திரும்பினார். திரும்ப விருப்பமில்லாதவர்போல் திரும்பினார். "அதான்மா உங்களக் கேக்க வேண்டியிருக்கு. அப்பாவால ஏதாவது... கொஞ்சமாவது பேச முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிடலாம். சில நேரம் காற்றுப்போல ஏதாவது வரும் என்று சொன்னால் யார் தோண்டித் துருவப்போகிறார்கள்? அப்பா வாழ்நாளெல்லாம் கேட்டுக் கிடைக்காத ஒன்று, மேஜைக்கு அந்தப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி, அப்பா அதை ஒருமுறைகூட மீறியதில்லை. தொட்டது தப்பு என்று தெரிந்த பிறகும், யாரும் பார்க்காதபோதும், நகர்த்தித் தோற்றிருக்கிறார்.

"முடியாது சார்" என்றாள். "ரெண்டு வருஷமா அப்பாவுக்குக் குரலே கிடையாது. குரல்வளைய எடுத்துட்டாங்க."

சொன்னபோது அப்பாவின் கையிலிருந்து எதையோ பிடுங்கியது போலிருந்தது.

பயிற்சியாளர் மூச்சை விட்டார். "அவ்வளவுதான். முடிஞ்சுதா?"

மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு அது தெரியாது. இந்தப் போட்டிக்கு அவள் புதியவள். கழுத்துத் துணியைக் குளிருக்குக் கட்டியது என்று நினைத்திருந்தாள். மகளையும் நடுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.  இப்போதாவது அவள் பின்வாங்கியிருக்கலாம். எனக்குத் தப்பாகக் கேட்டிருக்கும் என்றால் எல்லோருக்கும் நிம்மதி.

"எனக்குக் கேட்டுச்சு சார்" என்றாள்.

 நடுவர் மேஜைமேல் கிடந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு எழுந்தார்.

"விதியில ஒருத்தர் கேக்கணும்னு இருக்கு, மத்தவர் ஒத்துக்கணும்னு இருக்கு. எந்தக் குரல்ல கேக்கணும்னு இல்ல. இந்தம்மா அப்பாவுக்குக் குரல் இல்லன்னு சொல்றாங்க, அதனால அப்பாவுக்கு நஷ்டம். இந்தப் பொண்ணு கேட்டுச்சுன்னு சொல்லுது, அதனால அதுக்கு நஷ்டம். தனக்கு நஷ்டமானதச் சொல்ற ரெண்டு பேர இன்னைக்குத்தான் ஒரே அறையில பாக்கறேன். இதுல யாரையும் பொய்யாக்க எனக்கு மனசு வரல. கடவுளுக்குத் தெரிஞ்சது அவரோட இருக்கட்டும். டிரா."

"சார், நான் மேல்முறையீடு..."

"நீங்க பண்ண முடியாது. ஆட்டக்காரர்தான் பண்ணணும்." நடுவர் மாஸ்டரைப் பார்த்தார்.

அவள் தலையை அசைத்தாள். வேண்டாம்.

நடுவர் மண்டபத்துக்குப் போனார். கதவு வழியாக மகள் பார்த்தாள். டிரா ஆனால் இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். அந்தப் பலகையில் யாரும் கைவைத்திருக்கவில்லை. நடுவர் காலியான நாற்காலியைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்து, அனுமதி வாங்கிக்கொண்டவர்போல், அப்பாவின் ராஜாவை இரண்டு விரலால் எடுத்தார்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன, தோத்தாச்சா? சாப்பாட்ட சூடு பண்ணவா? உங்க அண்ணி வேற வந்து உக்காந்துட்டு ஒண்ணுமே பேச மாட்டேங்கறா, என்னன்னு கேட்டா மூக்க உறிஞ்சறா."

"அம்மா. அடுப்ப அணைச்சிட்டு உக்காரும்மா."

 அந்தப் பக்கம் அடுப்பின் குமிழ் திரும்பும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். மகள் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கு நினைவில்லை. அண்ணியின் அழுகை கேட்டது. அம்மாவின் அழுகை கேட்கவில்லை.

கடைசியில் அம்மா கேட்டாள்: "தோத்துட்டா போனாரு?"

"இல்லம்மா. டிரா. மாஸ்டரோட."

"யாரு கேட்டது?"

"அப்பாதாம்மா."

அம்மா எப்படி என்று கேட்கவில்லை. "ம்" என்றாள். பிறகு, "கேட்டிருப்பாரு" என்றாள். போனை வைக்க மறந்துவிட்டாள். அடுக்களைக் கடிகாரம் ஓடுவது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வண்டி வர இன்னும் நேரமிருந்தது. மகள் முகம் கழுவப் போனாள். வராந்தாவின் கோடியில் இருந்த கழிப்பறையில் விளக்கு ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. உள்ளே ஒரே இரைச்சல். கை உலர்த்தும் யந்திரத்தின் கீழே மாஸ்டர் நின்றிருந்தாள். வலது கையை அதன் வாயிலேயே வைத்திருந்தாள். கை சிவந்திருந்தது. யந்திரம் நின்றது. உடனே முழங்கையால் மறுபடி அழுத்தினாள்.

"கையில சூடு ஏறவே மாட்டேங்குதுக்கா" என்றாள், திரும்பாமலே.

மகள் குழாயைத் திறந்தாள். முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டாள். யந்திரம் நின்றது. மறுபடி ஓடியது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னத் திட்டிடுங்க." இரைச்சலுக்கு மேல் அவள் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. "அவரு மூச்சு விடறப்ப ஒரு சத்தம் வருமே, விசில் மாதிரி. எனக்கு அது இடைஞ்சலா இருந்துச்சு. சிப்பாயெல்லாம் பல்சக்கரம் மாதிரி மாட்டிக்கிட்டு நிக்குது, எங்க உடைக்கறதுன்னே தெரியல. அந்த சத்தத்துல என்னால யோசிக்கவே முடியல. நடுவர்கிட்ட புகார் பண்ணலாமான்னுகூட நெனச்சேன்."

மகள் குழாயை மூடினாள்.

"அப்புறம் அது நின்னுடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சுக்கா. அப்புறந்தான் எனக்கு நல்லா யோசிக்கவே வந்துச்சு." சிவந்த கையைப் புரட்டிக் காற்றில் காட்டினாள். "அரை மணி நேரம். எவ்ளோ சுகமா யோசிச்சேன் தெரியுமா? அப்பதான் அந்தக் குதிரை தெரிஞ்சுது. கைய நீட்டினேன். தொடறதுக்கு ஒரு விரல் தூரம். அப்பக் கேட்டாரு."

யந்திரம் நின்றது. இந்த முறை அந்த அமைதி மகளின் காதில் வந்து மோதியது.

"எப்படிக் கேட்டாரு?"

"'டிராவா'ன்னு. கடைசில கொஞ்சம் இழுத்து. மூக்கால. பயமுறுத்தற மாதிரி இல்லக்கா. ஆட்டத்தக் கேக்கற மாதிரியும் இல்ல. சண்ட போட்டவங்க வந்து வாசல்ல நின்னு, வா, போதும்னு கூப்பிடுவாங்களே, அப்படி இருந்துச்சு. எப்படி வேணாம்னு சொல்றது?"

மகள் கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் குரலை யாரும் எங்கும் பதிவு செய்து வைக்கவில்லை. அறுவைக்கு முன்னால் அந்த நினைப்பு யாருக்கும் வரவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவளே அதை மறக்கத் தொடங்கியிருந்தாள். என்ன சொல்வார் என்பது நினைவிருந்தது, எப்படி ஒலிக்கும் என்பது நழுவிக்கொண்டே போனது. இன்று முன்பின் தெரியாத ஒரு பெண், விளக்கு அணைந்து அணைந்து எரிகிற ஓர் அறையில், அதை அப்படியே எடுத்து அவள் முன் வைத்துவிட்டாள்.

"நெசமாவே அவருக்குக் குரல் இல்லையாக்கா?"

"இருந்துச்சு" என்றாள் மகள். "நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

மாஸ்டர் மறுபடி முழங்கையால் அழுத்தினாள். சூடான காற்று இரைந்தது. "சரின்னுட்டுக் கை நீட்டினேன். அவரு நீட்டல. வயசானவரு, யோசனையில இருக்காருன்னு, நானே எட்டி அவரு கையப் புடிச்சுக் குலுக்கினேன். அப்ப..."

 வலது கை காற்றுக்கடியில் தனியாகத் தொங்கியது.

மகள் தன் கைகளைப் புடவையில் துடைத்தாள். ஒரு தடவை துடைத்து, ஈரம் போகவில்லையென்று இன்னொரு தடவை துடைத்தாள். கதவு மூடியிருந்தது. வராந்தாவில் யாரும் இல்லை. அவள் மாஸ்டருக்கு நேரெதிரே வந்து நின்று, மேஜைக்கு மேலாக நீட்டுவதுபோல் தன் வலது கையை நீட்டினாள்.

"நல்ல ஆட்டம்மா" என்றாள். ஆட்டம் முடிந்து எழும்போது அப்பா குரல் இருந்தவரை எல்லோரிடமும் சொன்னது அது. ஜெயித்தவர்களிடமும், தலையை நிமிர்த்தாதவர்களிடமும்.

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்தாள். மகள் அதை ஒரு தடவை குலுக்கினாள். விடவில்லை. மற்றக் கையையும் அதன்மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

காற்று யந்திரம் தானாகவே நின்றது. யாரும் அதை மறுபடி அழுத்தவில்லை.